அஞ்சல் பிரிப்பவரும் நூலகரும் வாங்கிய ஓவியங்கள்



ஓவியம் வாங்குதல் பெருஞ்செல்வர்க்கே உரிய செயல் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. நகரத்துக் கலைக்கூடம் ஒன்றன் வாயிலில் நின்று பார்த்தவர்க்கு இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். வெண்சுவர்கள், அடக்கமான விளக்கொளி, ஒன்றற்கொன்று நெடுந்தொலைவில் தொங்கும் படங்கள், மூலையில் ஒரு மேசை, அதன் பின்னே ஒருவர். விலை பெரும்பாலும் எழுதப்பட்டிராது. கேட்டால் சொல்வர், கேட்பதற்கோ நாணம் தடுக்கும். சில படங்களின் அருகே சிறு செம்புள்ளி ஒட்டப்பட்டிருக்கும். அப்படம் விற்றுப்போயிற்று என்பதற்கு அஃது அடையாளம். அதனை அறியாதவர் புள்ளியையும் ஓவியத்தின் பகுதியென்றே கொண்டு வியந்து நிற்பதும் உண்டு. இவ்வளவும் சேர்ந்து, எளிய ஊதியக்காரர் ஒருவரை, 'இஃது உனக்குரிய இடம் அன்று' என்று வாய்திறவாமலே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

அவ்வாறு திருப்பி அனுப்பப்பட மறுத்த கணவன் மனைவி இருவர் நியூயார்க் நகரில் வாழ்ந்தனர். கணவர் ஹெர்பர்ட் வோகல், அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் எழுத்தர். மனைவி டோரத்தி, புரூக்ளின் பொது நூலகத்தில் நூலகர். இவ்விருவரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கலைக்கூடங்களிலும் கலைஞர்தம் பணிக்கூடங்களிலும் ஏறி இறங்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்படைப்புகளை வாங்கினர். அவற்றுள் ஒன்றையேனும் அவர்கள் விற்றாரல்லர். அவர்தம் பட்டறிவு இன்று இவ்வவையில் நினைந்து பார்க்கத் தக்கது.

ஹெர்பர்ட் 1922ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். தையற்காரர் ஒருவரின் மைந்தர். பள்ளிப் படிப்பையும் முடித்தவரல்லர். அஞ்சலகத்தில் அவர்க்கு இரவுப் பணி. பகலெல்லாம் ஓவியம் பார்ப்பார். ஓவியம் பற்றிய நூல்களைப் படிப்பார். பல்கலைக்கழகக் கலை வரலாற்று வகுப்புகளில் சென்று அமர்வார். உடன் பணியாற்றியவர்க்கு இவருடைய கலை ஈடுபாடு தெரியாது. சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவரும் எண்ணியதில்லை. டோரத்தி அவரினும் பதின்மூன்று ஆண்டு இளையவர். நூலகவியலில் முதுகலை கற்றவர். 1962ஆம் ஆண்டு இருவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. திருமண உறுதியின் நினைவாக அவர்கள் வாங்கியது மோதிரம் அன்று. பிக்காசோவின் மண்குடுவை ஒன்று. மணம் முடித்தபின் சென்றது வாசிங்டன் நகரம். அங்குள்ள தேசியக் கலைக்கூடத்தை மனைவிக்குக் காட்டியவாறே ஓவியம் பற்றிய முதற்பாடங்களைச் சொல்லிக்கொடுத்தார் கணவர். இக்கலைக்கூடம் இவ்வுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

திருமணத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து முதலில் வாங்கியது ஜான் சேம்பர்லேன் என்னும் சிற்பி, நசுங்கிய உலோகத் தகடுகளைக் கொண்டு செய்த சிறு சிற்பம். பழைய உந்துகளின் தகட்டை நசுக்கிச் சிற்பமாக்குவது அவர் வழக்கம். பார்ப்பவர் பலர்க்கு அது பழைய இரும்புக் கடைச் சரக்கு. புதுமணத் தம்பதியர் இருவர் தம் முதற் கலைச்செல்வமாக அதனை வீட்டுக்குத் தூக்கி வந்தனர் என்றால், அவர்தம் கண் எவ்வாறு பழகியிருந்தது என்பதை உய்த்துணரலாம்.

அந்நாளில் இருவரும் தாமே ஓவியம் தீட்டியும் வந்தனர். வகுப்பிற் சேர்ந்து முறையாகக் கற்றனர். தம் படங்களைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டினர். பிறர் படங்களை வாங்கி அருகே மாட்ட மாட்ட, எவை மேலானவை என்பது அவர்களுக்கே புலப்பட்டது. தம் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டுத் தூரிகையையும் துறந்தனர். தம் ஆக்கத்தைத் தாமே நடுநிலையோடு அளந்து ஒதுக்குதல் எளிதன்று. கவிதை எழுதிப் பார்த்தோர் இதனை நன்கு அறிவர்.

இனிப் பணத்துக்கு வருவோம். இருவர் ஊதியத்தையும் அவர்கள் இரண்டாகப் பகுத்தனர். டோரத்தியின் ஊதியம் வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் ஏனைச் செலவுக்கும். ஹெர்பர்ட்டின் ஊதியம் முழுவதும் கலைக்கு. அவருடைய ஆண்டு ஊதியம் எக்காலத்தும் 23,000 டாலரைத் தாண்டியதில்லை. ஒரே ஒரு படுக்கையறை கொண்ட அடுக்ககக் குடியிருப்பில் வாழ்ந்தனர். வாடகை சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது அவர்களுக்குப் பெருந்துணை. வாங்குவதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட வரையறைகள் மிக எளியவை. விலை தம் ஊதியத்துக்குள் அடங்கவேண்டும். பொருள் தம் வீட்டுக்குள் அடங்கவேண்டும். சுரங்கத் தொடர்வண்டியிலோ வாடகை உந்திலோ கையிற் கொண்டுவர இயலாத எதனையும் அவர்கள் வாங்கவில்லை. அக்காலத்துப் புகழ்பெற்ற ஓவியங்கள் பலவும் சுவரளவு பெரியவை, விலையும் எட்டாதவை. ஆதலின் அவற்றை விட்டு, எவரும் திரும்பிப் பாராத இளங்கலைஞர்களின் சிறு வரைபடங்களையும் தாள் ஓவியங்களையும் நாடினர். வறுமை வகுத்த வரம்பே அவர்கள் தொகுப்புக்குத் தனித்தன்மை தந்தது. வேண்டியதையெல்லாம் வாங்கும் வசதி இருந்திருப்பின், மற்றச் செல்வர் வீடுகளில் தொங்கியவையே இவர்கள் வீட்டிலும் தொங்கியிருக்கக் கூடும்.

கலைக்கூட வணிகத்தின் இயல்பை இங்குச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். கூடத்தின் உரிமையாளர் கலைஞரிடமிருந்து படங்களை விலைகொடுத்து வாங்கி வைப்பது அரிது. விற்றுத் தருவதாக ஏற்றுக் காட்சிக்கு வைப்பார். விற்றபின் வந்த தொகையிற் பாதியளவு தமக்கு எடுத்துக்கொள்வது அமெரிக்க நாட்டில் பரவலான வழக்கு. பாதி என்றதும் முகம் சுளித்தல் வேண்டா. இடத்து வாடகை, விளக்கு, அழைப்பிதழ், பணியாளர் ஊதியம் ஆகியவற்றோடு, ஒன்றும் விற்காமற்போகும் காட்சிகளின் இழப்பையும் அவரே தாங்கவேண்டும். பெயரறியாத கலைஞர் ஒருவரைப் பத்தாண்டு தாங்கிநின்று உலகுக்குக் காட்டிய நல்ல வணிகரும் உளர். ஆயினும், ஊதியம் குறைந்த ஒருவர்க்கு அந்தப் பாதி சுமையே.

வோகல் இணையர் கூடங்களிலும் வாங்கினர். கலைஞரின் பணிக்கூடத்துக்கே நேரிற் சென்றும் வாங்கினர். கூடத்தில் மாட்டியிருப்பவை வணிகர் தெரிந்தெடுத்த சில. பணிக்கூடத்திலோ கட்டுக்கட்டாகப் படங்கள் கிடக்கும். ஹெர்பர்ட் சுவரைப் பார்ப்பதோடு நில்லார். அடுக்கியவற்றைப் புரட்டுவார், மூலையிற் சுருட்டி வைத்ததை விரிக்கச் சொல்வார், கலைஞர் தாமே மறந்துபோன ஒன்றை எடுத்து நிமிர்த்துவார். தொடக்கத்தில் எழுதியவை, இடையிற் கைவிட்டவை, முயன்று பார்த்தவை என ஒருவரின் வளர்ச்சி முழுவதையும் காணவேண்டும் என்பது அவர் விருப்பம். ரிச்சர்டு டட்டில் என்னும் கலைஞரின் படைப்புகள் மட்டும் நூற்றுக்கணக்கில் அவர்கள் வீட்டில் இருந்தன. டோரத்தியின் பங்கு வேறு: எது, யாருடையது, எந்த ஆண்டு என்பதைக் குறித்து ஒழுங்குபடுத்துதல். நூலகரின் கை அங்கே பயன்பட்டது.

இந்நடைமுறையில் வணிகர்க்கு மனக்குறை எழாமல் இல்லை. தம் கூடத்தைத் தாண்டிக் கலைஞரிடம் நேரே செல்வது தமக்கு இழப்பு என்று சிலர் கருதினர். அக்குறையில் ஞாயமே இல்லை என்று தள்ளிவிடவும் இயலாது. மறுபுறம் கலைஞரின் நிலையையும் எண்ணல் வேண்டும். வாங்குவார் எவரும் இல்லாத காலத்தில், தவணை முறையிலேனும் கையிற் பணம் தருபவர் ஒருவர் கதவைத் தட்டினால் அந்த மாத வாடகை போயிற்று. கட்டடங்களையும் கடற்கரைகளையும் துணியாற் போர்த்திப் புகழ்பெற்ற கிறிஸ்டோ, ஜான் கிளாட் இணையரும் அக்காலத்தில் வாடகைக்கு இடர்ப்பட்டவர்களே. வோகல் இணையர் காணவருகின்றனர் என்றதும், வாடகைப் பணம் வந்தது என்று ஜான் கிளாட் மகிழ்ந்தாராம். வந்தவர்களோ விலை கேட்டுத் தம்மால் இயலாதென்று திரும்பினர். பின்னர் ஒருநாள் ஜான் கிளாட் தாமே தொலைபேசியில் அழைத்தார். கொலராடோ மாநிலத்தில் பள்ளத்தாக்கு ஒன்றன் குறுக்கே மாபெருந் திரை கட்டும் பணிக்காக அவர்கள் கோடை முழுவதும் வெளியூரில் தங்கவேண்டியிருந்தது. அதுவரை தம் பூனையைப் பார்த்துக்கொண்டால், அத்திரைப் பணிக்கென வரைந்த ஓர் ஒட்டோவியத்தைத் தருவதாகச் சொன்னார். பூனையின் பெயர் கிளாடிஸ். பூனைகள்பால் பேரன்பு கொண்ட வோகல் வீட்டில் அது கோடை முழுவதும் தங்கிற்று. ஓவியம் அவர்கள் கைக்கு வந்தது. உயிரொன்றைப் பேணியதற்குக் கூலியாகக் கிடைத்த அவ்வோவியம், வாங்கியவர் வரலாற்றிலேயே தனித்து நிற்பது.

அவர்கள் வாங்கியவை எத்தகையவை என்று கேட்டால் விடை சொல்வது கடினம். டட்டில் 1974ஆம் ஆண்டு செய்த 'மூன்றாம் கயிற்றுத் துண்டு' என்பது மூன்று அங்குல நீளமுள்ள பருத்திக் கயிறு. ஆணியடித்துச் சுவரில் பொருத்தப்படுவது. அவ்வளவே. பெரிய வெண்சுவரில் அச்சிறு கயிறு தனித்துத் தோன்றும்போது, சுவர் முழுவதும் அதனைச் சுற்றி ஒடுங்கி நிற்பது போன்ற உணர்வு பிறக்கும் என்பர் கலை நுகர்வோர். பிறர் நகைப்பர். 1975ஆம் ஆண்டு விட்னி அருங்காட்சியகத்தில் டட்டிலின் காட்சி நடந்தபோது நாளிதழ்த் திறனாய்வு மிகக் கடுமையாக வந்தது; காட்சியை அமைத்த மார்சியா டக்கர் தம் பணியையே இழந்தார். அத்தகைய கலைஞரின் படைப்புகளைத்தான் இந்த அஞ்சலக எழுத்தர் தவணையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

சால் லெவிட் என்பவரின் சுவரோவியங்கள் இதனினும் வியப்புக்குரியவை. அவற்றை வாங்குபவர்க்குக் கிடைப்பது கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்று. எவ்வாறு கோடு இழுக்கவேண்டும் என்னும் குறிப்பும் வரைபடமும். அதனைப் பார்த்து வேறு எவரும் சுவரில் தீட்டலாம். வீடு மாறும்போது வெள்ளையடித்துவிட்டுப் புதுச் சுவரில் மீண்டும் தீட்டலாம். கருத்தே கலை; கை யாருடையதாயினும் ஆகுக என்பது அவர் கொள்கை. அவர் பெயர் சந்தையில் எழும்பு முன்பே அவரிடம் வாங்கத் தொடங்கியவருள் வோகல் இணையரும் அடங்குவர். காகிதத்தில் எழுதிய கருத்தொன்றற்குப் பணங்கொடுத்தல் நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். இசைக்குறிப்பை எழுதிவைத்தவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்று எண்ணினால் அத்துணைப் புதுமையும் இல்லை.

அதே நகரில் அதே காலத்தில் வாங்கிய மற்றொருவரையும் இங்கு நினைத்தல் தகும். ராபர்ட் ஸ்கல் வாடகை உந்து நிறுவனம் ஒன்றன் உரிமையாளர். அவரும் புகழ்பெறாத கலைஞர்களைத் தேடி வாங்கியவரே. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் தம் தொகுப்பிலிருந்து ஐம்பது படைப்புகளை ஏலத்துக்கு விட்டார். இருபத்திரண்டு இலட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ராபர்ட் ரோசன்பர்க்கிடமிருந்து 900 டாலருக்கு வாங்கிய 'பனியுருகல்' என்னும் ஓவியம் 85,000 டாலருக்குப் போயிற்று. தீட்டியவர்க்கு அதில் ஒரு காசும் இல்லை. ஏலக்கூடத்துக்கு வந்திருந்த ரோசன்பர்க் ஸ்கல்லைக் கடிந்து பேசிய காட்சி படச்சுருளில் பதிவாகியுள்ளது. ஏலத்தால் அவருடைய மற்றப் படங்களின் விலையும் உயரும் அன்றோ என்பது ஸ்கல் தரப்பு வாதம். அதிலும் உண்மை உண்டு. விலைக்கு வாங்கிய பொருளை விற்றல் குற்றமும் அன்று. எனினும் அன்று அக்கூடத்தில் நின்ற ஓவியரின் மனநிலையை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பொறுப்பதில்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதற்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மறுவிற்பனையில், பத்து விழுக்காட்டுக்கு மிகாத பங்கு கலைஞர்க்கு உரியது என்பது அதன் கருத்து. ஓவியம் வாங்க எண்ணும் இளைஞர் இதனை அறிந்திருத்தல் நன்று.

வோகல் வீட்டுக்குள் நுழைவோம். நாற்காலி சிலவும் மேசையும் கட்டிலும் போக, இருந்த சாய்விருக்கையும் ஓவியங்களுக்கு இடம்விட்டு வெளியேறிற்று. கட்டிலின் அடியிலெல்லாம் படங்கள். சுவர் நிரம்பி, கூரையிலிருந்தும் தொங்கின. இவற்றோடு பூனைகள், ஆமைகள், மீன் தொட்டிகள். ஒருமுறை மீன் தொட்டி நீர் தெறித்து ஆண்டி வார்ஹாலின் படம் ஒன்று கறைபட்டது. பின்னர் அதனைச் செப்பனிடவேண்டியதாயிற்று. கலைப்பொருள் காக்கும் முறைகளை அறிந்தோர் அவ்வீட்டைக் கண்டு நடுங்கியிருப்பர்.

இவ்விடத்தில் சமணர் அவைக்கு ஒரு வினா எழுவது இயல்பு. மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்கும் விரதமாக வைத்த மரபு நம்முடையது. அமர இடமின்றிப் பொருளைக் குவித்தவரை இவ்வவையிற் புகழ்வது பொருந்துமோ? அவர்களை நம் விரதியராக்கிப் பார்ப்பது பிழை. பற்று அவர்களுக்கு இருந்தது, மிகுதியாகவே இருந்தது. விலைக்கும் அளவுக்கும் வரம்பு கட்டியவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டவில்லை. ஓவியத்தின் மேல் வைத்த பற்றும் பற்றே. பொன்னின் மேல் வைத்ததினும் அஃது உயர்ந்தது என்று சொல்லித் தப்புதல் நேர்மையன்று. ஆனால் மற்றொன்றையும் அவர்கள் கணக்கில் எழுதவேண்டும். அவ்வீட்டிலிருந்த படங்களுள் சில, விற்றிருந்தால் அவர்கள் வாழ்நாள் ஊதியத்தையே விஞ்சும் விலை பெற்றிருக்கும். இருவரும் அதனை நன்கு அறிந்திருந்தனர். அறிந்தே, சிறு வீட்டில் எளிய உணவுண்டு, சுரங்கத் தொடர்வண்டியில் சென்று வந்தனர்.

1992ஆம் ஆண்டு தொகுப்பு முழுவதையும் வாசிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குத் தர முடிவு செய்தனர். மணம் முடித்தபின் இருவரும் சென்று பார்த்த அதே கூடம். தேர்ந்தமைக்குக் காரணங்கள் உண்டு. அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எவரும் சென்று பார்க்கலாம். தனக்கு வந்த படைப்புகளை அக்கூடம் விற்பதும் இல்லை. இருவரும் அரசு ஊதியத்தில் வாழ்ந்தவர். மக்கள் பணம் மக்களுக்கே திரும்பவேண்டும் என எண்ணினர். ஒரு படுக்கையறை வீட்டிலிருந்த பொருளை ஏற்றிச் செல்ல ஐந்து பெரிய சரக்குந்துகள் தேவைப்பட்டன. முதுமையிற் சிறிது வசதியாக வாழட்டும் என்று கலைக்கூடம் அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை அளித்தது. அத்தொகையைக் கொண்டு இருவரும் மேலும் படங்களை வாங்கினர் என்பதை இங்குச் சிரிக்காமற் சொல்ல இயலவில்லை. வெறுமையான வீடு மீண்டும் நிரம்பிற்று.

தொகுப்பு ஒரே கூடம் ஏற்கும் அளவைக் கடந்தமையால், 2008ஆம் ஆண்டு மற்றொரு திட்டம் வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கு ஐம்பது படைப்புகளாக, 2,500 படைப்புகள் கொடையாகப் பிரித்தளிக்கப்பட்டன. நியூயார்க்கைக் கண்ணாலும் காணாத சிற்றூர்ப் பள்ளிச் சிறுவர், வடக்கு டக்கோட்டாவிலும் மொன்டானாவிலும் இருந்தவாறே லெவிட்டின் கோடுகளைக் காணும் நிலை பிறந்தது. எல்லா இடத்தும் காரியம் செம்மையாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. நெவாடா மாநிலத்துக்குரிய ஐம்பதைப் பெற்ற லாஸ் வேகாஸ் கலை அருங்காட்சியகம் 2009ஆம் ஆண்டிலேயே பணமுடையால் மூடப்பட்டது. கொடுப்பவர் மனம் எத்துணைப் பெரிதாயினும் காப்பவர் கையிலும் வலிமை வேண்டியிருக்கிறது.

இவர்களைப் பற்றி மெகுமி சசாகி என்னும் ஜப்பானியப் பெண்மணி இரண்டு ஆவணப்படங்கள் எடுத்துள்ளார். அவற்றில் ஹெர்பர்ட் மிகக் குறைவாகவே பேசுகிறார். படத்தின் முன் நின்று, கழுத்தை நீட்டி, மூக்கு ஒட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்க்கிறார். மறுபடி பின்வாங்கிப் பார்க்கிறார். ஏன் பிடித்தது என்று கேட்டால் விளக்கம் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. கேட்பவர்க்கு விடையிறுப்பவர் டோரத்தியே.

2012ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் அகவையில் ஹெர்பர்ட் மறைந்தார். தொகுப்பு இருவரும் சேர்ந்து செய்தது; ஒருவர் இல்லாதபோது அது நிறைவுற்றது என்று டோரத்தி முடிவு செய்தார். அதன்பின் அவர் புதிதாக ஒரு படமும் வாங்கவில்லை.